கரி மேட்டில் ஏழு வரிசை

அத்தியாயம் 3

வந்த அம்மாள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். திரும்பி வந்து அதே நாற்காலியை மறுபடியும் துடைத்தார். எங்கள் அலுவலகம் அவ்வளவு மோசமில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி கண்ணாலேயே என்னை அடக்கினார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பத்து வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து, தானாகப் பற்றிக்கொண்டதாகச் சொல்லப்பட்ட கடைகளுக்கெல்லாம் போய், யார் பற்ற வைத்தார்கள் என்று கண்டுபிடித்தவர். கண்டுபிடித்தது அதிகமாகிவிட்டதால் நிறுவனத்துக்கே அவரைப் பிடிக்காமல் போய், இப்போது தனியாகத் துப்பறியும் பலகை மாட்டியிருக்கிறார். பலகையில் என் பேரும் உண்டு, சின்ன எழுத்தில். நான் நூற்றெட்டு கிலோ. சின்ன எழுத்து எனக்குப் பொருத்தமில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் நிலக்கரியில வேலை பாக்கறாரா?" என்றார் அண்ணி.

அம்மாள் திடுக்கிட்டார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உட்கார்ற இடத்தையெல்லாம் துடைக்கறீங்க. வீட்டுல எங்க உட்கார்ந்தாலும் கறுப்பு ஒட்டிக்குது, அந்தப் பழக்கம்."

"மெக்கானிக் பொண்டாட்டியா இருந்தா?" என்றேன் நான்.

"அது பிசுக்கு. கைக்குட்டையால போகாது. இது தூசி. நீ தண்ணி கொண்டு வா."

தண்ணீர் குடித்துவிட்டு அம்மாள் விஷயத்தைச் சொன்னார். ஊர்க்கோடியில் இருக்கும் சின்ன அனல் மின் நிலையத்தில் அவர் கணவர் கரி மேட்டுக் காவலர். இருபத்திரண்டு வருடம். எட்டு நாளாக மேட்டில் இருக்கும் நிலக்கரி குறைந்துகொண்டே வருகிறது. மேட்டுக்குக் காவலர் அவர் ஒருவர்தான் என்பதால் மேனேஜர் அவரைத்தான் சந்தேகப்படுகிறார். இன்று மாலை ஐந்து மணிச் சங்கு ஊதும்போது வேலை நீக்கக் கடிதம் கையில் கொடுக்கப்படும். அதற்குப் பிறகு போலீஸ்.

"அவர் எடுத்திருக்க மாட்டாருங்க" என்றார். கொஞ்சம் விட்டு, "எடுத்திருக்க மாட்டாரு" என்றார். கைக்குட்டையை மடித்துவிட்டு மூன்றாவது தடவையும் அதையே சொன்னார்.

"முதல் தடவை எனக்குச் சொன்னீங்க. மத்த ரெண்டு தடவை யாருக்கு?" என்று கேட்டார் அண்ணி.

அம்மாள் அழுதுவிட்டார். வீட்டுப் பின்னால் ஒரு சாக்குப்பையைப் பார்த்தாராம். உதறினால் கறுப்புத் தூள். அன்றிலிருந்து கணவரிடம் பேசவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் கேட்கவும் இல்லை.

"கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எடுக்கலைன்னா நல்லது. எடுத்திருந்தா, அதையும் முதல்ல எங்கிட்டதான் சொல்லணும்."

"சொல்றேன்" என்றார் அண்ணி. அப்போது மணி பத்தே முக்கால்.

* * *

மின் நிலையம் என்றதும் நான் பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஒரு புகைபோக்கி, ஒரு கொதிகலன் கட்டடம், இடைவிடாமல் ஓ என்று கத்தும் ஒரு கூடம், அதற்குப் பக்கத்தில் கரி மேடு. அவ்வளவுதான். எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய கறுப்பு. மரங்கள் கறுப்பு, மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கைக்கு மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

மேனேஜர் மட்டும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாக இருந்தார். இதற்கு முன்னால் பிஸ்கட் கம்பெனியில் இருந்தவராம். பிஸ்கட்டை விளக்குகிற மாதிரியே பொறுமையாக மின்சாரத்தை எங்களுக்கு விளக்கினார்.

"நிலக்கரியைப் பொடி பண்ணி எரிக்கறோம். தண்ணி கொதிக்குது. நீராவி வருது. அந்த நீராவி போய்ச் சக்கரத்தைச் சுத்துது. சக்கரம் சுத்தினா கரண்ட். டவுன்ல பாதி விளக்கு நம்ம கரியிலதான் எரியுது."

"அப்போ இது ஒரு பெரிய கெட்டில்" என்றேன்.

மேனேஜர் முகம் சுருங்கியது. "கெட்டில் இல்ல சார். அனல் மின் நிலையம்."

"கெட்டில்ல விசில் வரும், இங்க கரண்ட் வருது. மத்தபடி ஒண்ணுதானே?"

"இவரைக் கண்டுக்காதீங்க" என்றார் அண்ணி. "கரி திருடு போகுதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

மேனேஜர் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். எதிரே கரி மேடு. மேட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு செங்கல் சுவர். மேட்டின் உச்சிக்கு மேலே சுவரின் செங்கல் வரிசைகள் வரி வரியாகத் தெரிந்தன.

"நான் இங்க வந்து பதினோரு வருஷம். தினமும் காலையில ஒன்பது மணிக்கு இதே ஜன்னல்ல, இதே இடத்துல நின்னு எண்ணுவேன். மேட்டுக்கு மேல முப்பது வரிசை தெரியும். ஒண்ணு முன்ன பின்ன இருக்கும். முப்பத்தொண்ணைத் தாண்டினதே இல்ல. இன்னிக்கு எவ்வளவு தெரியுமா?"

நான் எண்ணிப் பார்த்தேன். இருபதுக்கு மேல் கண்ணைக் கட்டியது.

"முப்பத்தேழு!" என்றார் மேனேஜர். குரல் உடைந்தது. "ஒரு நாளைக்கு ஆறு லாரி வருது, ஆறு லாரி எரியுது. வர்றதும் மாறலை, எரியறதும் மாறலை. அப்போ ஏழு வரிசை எங்க போச்சு மேடம்? ஏழு வரிசைன்னா பதினஞ்சு லாரி லோடு!"

"எடை பாக்க மெஷின் இல்லையா?"

"கன்வேயர்ல ஒண்ணு இருந்தது. கெட்டுப் போச்சு. சரி பண்ணலை. என் கண்ணே தராசுதானே?"

"இந்தச் செங்கல் விஷயத்தை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"அது எப்படிச் சொல்றது? திருடன் உஷாராயிடுவான்ல? காவலரை மட்டும் எட்டு நாள் முன்னாடி கூப்பிட்டு, மேடு குறையுதே, என்னன்னு கேட்டேன். அப்படியே முகம் வெளுத்துப் போச்சு. அந்த முகம் வெளுக்கறது லேசுப்பட்ட விஷயமா சொல்லுங்க."

மேனேஜரிடம் இன்னொரு சாட்சியும் இருந்தது. வெளியே போகிறவர்களின் பையை வாசல் காவலாளி சோதிப்பாராம். எட்டு நாளாகக் காவலர் சைக்கிளில் ஒரு சாக்குப்பை. பை காலி. ஆனால் உள்ளே கரித்தூள்.

நான் மேஜை மேலிருந்த கால்குலேட்டரை எடுத்தேன். "சார், லாரிக்கு இருபது டன். பதினஞ்சு லாரின்னா முந்நூறு டன். அந்தப் பையில பத்து கிலோ பிடிக்கும்னு வெச்சுக்குவோம். முப்பதாயிரம் நடை. லீவே போடாம தினம் ஒரு நடை போனாலும் எண்பத்திரண்டு வருஷம் ஆகும். அவரு ரிடையர் ஆக எவ்வளவு இருக்கு?"

"ஆறு வருஷம்."

"அப்போ திருடி முடிக்கற வரைக்கும் எக்ஸ்டென்ஷன் குடுக்கணும்."

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "அப்படின்னா அவனுக்குக் கூட்டாளி இருக்கான்" என்றார் தீர்மானமாக.

* * *

காவலர் மேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். மனைவி எங்களிடம் வந்ததை நாங்கள் சொல்லவில்லை. எதைக் கேட்டாலும், "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார். இந்த மாதிரி ஆளை வைத்துக்கொண்டு எந்த வக்கீலாலும் வழக்கு நடத்த முடியாது.

மேட்டைப் பார்க்கப் போனோம். அன்று காலை லாரி கொட்டிய புதுக் கரி அடிவாரத்தில் கிடந்தது. அதில் வைத்த முதல் காலே முழங்கால் வரை இறங்கிவிட்டது. காலை இழுத்தேன், கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒற்றைச் செருப்போடு உச்சிக்கு ஏறினேன். மேலே தார்ச் சாலை மாதிரி இருந்ததால் நடக்கச் சுகமாக இருந்தது. அங்கே ஒரு மஞ்சள் புல்டோசர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி மூடிய அறையிலிருந்து அதை ஓட்டிய பெண் எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். என் செருப்பு இருக்கும் இடத்தைச் சைகையில் கேட்டேன். அதற்கும் கையாட்டினாள்.

"இங்க வா" என்றார் அண்ணி.

சுவரோரமாக, மேட்டின் ஒரு மூலையில், அண்ணி குனிந்து ஒரு துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைத்தது தெரியவே இல்லை. அவ்வளவு லேசு. பக்கத்தில் கிடந்த இன்னொரு துண்டை எடுத்து அடுத்த கையில் வைத்தார். அது கனத்தது.

"ரெண்டும் கறுப்புதானே அண்ணி?"

"நீயும் அண்ணனும் ஒரே நிறம்தான். ரெண்டு பேரும் ஒண்ணா?"

கீழே தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளிகளில் ஒன்றில் தண்ணீர் இருந்தது. இரண்டு துண்டுகளையும் அதில் போட்டார். கனத்த துண்டு நேராக அடிக்குப் போனது. லேசான துண்டு மிதந்தது. அதை எடுத்துத் துடைத்து வெயிலில் காட்டினார். அதன் குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள்.

"மரத்தோட வளையம். இது பூமியிலேர்ந்து வந்த கரி இல்ல. கடையில விக்கற அடுப்புக்கரி. இந்த மூலையில மட்டும் கிடக்கு, கூடையைக் கவிழ்த்த மாதிரி."

மூச்சு வாங்க வந்து சேர்ந்த மேனேஜருக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் வந்துவிட்டது. "புரிஞ்சு போச்சு! நல்ல கரியை எடுத்துக்கிட்டுப் போலியை வெச்சுட்டுப் போறான்!"

"சார்" என்றார் அண்ணி, "அடுப்புக்கரி நிலக்கரியை விட விலை கூட. வெள்ளியை எடுத்துட்டுத் தங்கத்தை வெச்சுட்டுப் போற திருடனை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. பார்த்தா எங்க வீட்டு அட்ரஸ் குடுப்பேன்."

* * *

டவுனில் அடுப்புக்கரி விற்கும் கடை ஒன்றே ஒன்றுதான். கடைக்காரம்மா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கணக்காகத் தும்மிக்கொண்டிருந்தார். எட்டு நாளாகப் புது வாடிக்கையாளர் யாராவது வருகிறார்களா என்று கேட்டதும் தும்மலை நிறுத்தினார்.

"வர்றாரே. ஒல்லியா ஒருத்தரு. தினம் காலையில ஆறரைக்கு வந்து ஒரு சாக்குப்பை நிறைய வாங்கிட்டுப் போறாரு. ஆனா ரொம்ப நொய்நொய்ங்க. எல்லாரும் பெரிய துண்டா கேப்பாங்க. இவரு சின்னதா வேணும், பளபளன்னு இருக்கணும், மரம்னு தெரியவே கூடாதும்பாரு. பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டேனே. அடுப்புக்குன்னாரு. என்ன அடுப்புங்க, தினம் ஒரு மூட்டை தின்னுதுன்னு கேட்டேன். நூறடி உயரத்துக்குப் புகைபோக்கி இருக்கற அடுப்புன்னாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கலை."

கடைக்காரம்மா மறுபடி தும்ம ஆரம்பித்தார். நாங்கள் தெருவுக்கு வந்தோம். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நூற்றெட்டு கிலோ ஆளுக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆவது நல்லதல்ல என்பதால் உடனே பேச்சை ஆரம்பித்தேன்.

"அண்ணி, காவலர் பை வெளிய போகும்போது காலி. உள்ள போகும்போது?"

"அதைத்தான் யாரும் பாக்கலை."

மின் நிலைய வாசலில் காவலாளியிடம் கேட்டோம். அவர் கோபித்துக்கொண்டார். "வெளிய போறதைப் பாக்கறதுதாங்க எனக்குப் போட்ட வேலை. உள்ள யாரு எதைக் கொண்டு போனா எனக்கென்ன? கரி மலைக்குள்ள கரியைக் கொண்டு போவாங்கன்னு யாருக்காவது தோணுமா?"

நியாயமான கேள்விதான். ஒரு மின் நிலையத்துக்குள் கரி கடத்திய முதல் ஆள் அனேகமாக எங்கள் காவலராகத்தான் இருப்பார்.

* * *

மணி நாலு. கொட்டகையில் காவலர் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணி மிதந்த துண்டை அவர் முன்னால் வைத்தார். பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"மேடு குறையுதேன்னு சார் கேட்டாருங்க. நானும் பாத்தேன். நிஜமாவே குறையுது. இடத்தை விட்டு நகராம உட்கார்ந்து பாத்தேன். யாரும் வரலை, யாரும் எடுக்கலை, ஆனா குறையுது. நான் என்னங்க பண்ணுவேன்? என் காவல்ல இருக்கற பொருளு. என்னால முடிஞ்சதைப் போட்டு வெப்போம்னு..."

"தினம் பத்து கிலோவா?"

"ஆமாங்க."

"குறைஞ்சது முந்நூறு டன்" என்றேன் மெதுவாக.

"அடுத்த வாரத்துலேர்ந்து ரெண்டு பையா கொண்டு வரலாம்னு இருந்தேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வழியில் வரப் பார்த்ததால் இருமினேன்.

"இதை ஏன் மேனேஜர்கிட்ட சொல்லலை?"

"வெளிக் கரியை உள்ள கலந்தது தப்பில்லைங்களா? அதுவும் சேர்ந்துக்குமே." அவர் தயங்கினார். "எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாங்க. அவங்களே எட்டு நாளா எங்கூடப் பேசறதில்ல. என்ன கோபம்னு தெரியலை."

அண்ணி வெளியே வந்தார். அண்ணியின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. காவலர் நல்லவர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் நல்லவர் என்பது மேனேஜருக்குப் பதில் ஆகாது. பதினைந்து லாரி கரி இன்னும் காணாமல்தான் இருந்தது. கறுப்பு மூட்டையோடு தினம் வந்து போனவர் என்று இப்போது சாட்சி வேறு கிடைத்திருக்கிறது. அதைச் சேகரித்துக் கொடுத்தவர்கள் நாங்கள்.

"நாலு இருபது" என்றேன். "அண்ணி, ஏதாவது யோசிங்க. இல்லேன்னா என் செருப்பையாவது தேடுவோம்."

நடந்துகொண்டிருந்த அண்ணி நின்றார். "செருப்பு எங்க போச்சு?"

"அடிவாரத்துல. கால் முழங்கால் வரைக்கும் இறங்கிடுச்சே."

"உச்சியில?"

"உச்சியில எங்க இறங்கிச்சு? ரோடு மாதிரி இருந்தது."

"அதே நீ. அதே நூத்தெட்டு கிலோ. கீழ இறங்கின கால் மேல ஏன் இறங்கலை?"

நான் பதில் யோசிப்பதற்குள் அண்ணி புல்டோசரை நோக்கி ஓட ஆரம்பித்தார். காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தபோது எரிந்த கடைகளை நோக்கி ஓடியவர். ஓட்டம் இன்னும் போகவில்லை. நான் ஒற்றைச் செருப்போடு பின்னால் போனேன்.

வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் பெண் இறங்கி வந்தாள். முப்பது வயதிருக்கும். அந்த இடத்திலேயே சுத்தமான கையோடு இருந்தது அவள் ஒருத்திதான்.

"நீங்க எப்பம்மா வேலைக்குச் சேர்ந்தீங்க?"

"இன்னியோட ஒன்பது நாள்."

"முன்னாடி இருந்த டிரைவர்?"

"அவரு வேலையை விட்டுட்டாரு. பாவம், அவருக்கு உயரம்னா பயமாங்க. வண்டியை மேல ஏத்தவே மாட்டாராம். கீழ நின்னுக்கிட்டே கரியைத் தள்ளித் தள்ளிக் குவிச்சுட்டுப் போயிடுவாராம். நான் வந்து பாக்கறேன், மேடு பூரா பொலபொலன்னு கிடக்கு!"

"அதனால?"

"அதனால ஏறி மிதிக்கறேன். கரியை இறுக்கி வெக்கணுங்க. தளர்வா கிடந்தா உள்ள காத்து போயிடும், சூடேறும், அப்புறம் யாரும் பத்த வெக்காமலே பத்திக்கும். நான் முன்ன இருந்த இடத்துல ஒரு மேடு பூரா புகைஞ்சே போச்சு. அதான் ஒன்பது நாளா மேலயும் கீழயும் ஓட்டி ஓட்டி அமுக்கிட்டு இருக்கேன். பாருங்க, எவ்வளவு இறங்கிடுச்சு!" அவள் முகத்தில் பெருமை.

அண்ணி கண்ணை மூடித் திறந்தார். "இதை மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்குங்க? என் வேலையை நான் செய்யறேன். பல்லு விளக்கினதை ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டா இருக்கோம்?"

* * *

நாலு ஐம்பது. மேனேஜர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதிக்கொண்டிருந்தார். அண்ணி அவரைக் கீழே அழைத்து வந்தார். காவலரும் டிரைவர் பெண்ணும் நின்றார்கள். நடுவில் ஒரு சிவப்பு வாளி. லாரி கொட்டிய புதுக் கரியை அதில் நிரப்பி, மேலே ஒரு கட்டையால் வழித்துச் சமமாக்கியிருந்தோம்.

"வாளி நிறைய இருக்கா சார்?"

"இருக்கு."

"தம்பி, ஏறு."

"எதுல அண்ணி?"

"வாளியில."

பலகையில் என் பேர் சின்ன எழுத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது. ஏறினேன். அண்ணி குதிக்கச் சொன்னார், குதித்தேன். மேனேஜர் தலை என்னோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடியது. முப்பது குதிப்புக்குப் பிறகு டிரைவர் பெண், "அண்ணே, நீங்க எங்க வண்டி கம்பெனியில சேர்ந்திருக்கலாம்" என்றாள். இறங்கினேன்.

வாளியில் கரி விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே இருந்தது.

"சார்" என்றார் அண்ணி, "நாலு விரல் கரியைக் காணோம். நம்ம அஞ்சு பேர் கண் முன்னாடி. யார் எடுத்தது?"

மேனேஜர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். என் ஒரே செருப்பைக் கழற்றி உதறிக் காட்டினேன். பிறகு வாளியைச் சுற்றி வந்தார். கடைசியில் அதைத் தூக்கி, அடியில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"ஓட்டை இல்லையே" என்றார்.

மேனேஜர் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேட்டு உச்சியில் நின்ற புல்டோசரைப் பார்த்தார். அங்கிருந்து அவர் பார்வை சுவருக்குப் போய், செங்கல் செங்கலாக இறங்கி வந்தது.

"அமுங்கியிருக்கு" என்றார், காற்றுப் போன குரலில்.

"ஒரு துண்டு குறையலை. எட்டு பை கூடவே இருக்கு" என்றார் அண்ணி.

"பிஸ்கட் டப்பாவுல கூட எழுதியிருப்பாங்க மேடம். வண்டியில போகும்போது உள்ள அமுங்கலாம், எடை மாறாதுன்னு. நானே எழுதியிருக்கேன். என் கையால எழுதியிருக்கேன்." மேனேஜர் ஒரு கரிக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் காற்சட்டை என்பது அப்போது அவருக்கு நினைவில்லை. "நாளைக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து நாலு பேர் வர்றாங்க. பெரிய கும்பல் நடமாடுதுன்னு தகவல் குடுத்திருக்கேன். என்ன சொல்றது?"

"அந்தப் பொண்ணைக் காட்டுங்க. தீ பிடிக்க இருந்த மேட்டைக் காப்பாத்தினவங்கன்னு சொல்லுங்க. அப்படியே எடை பாக்கற மெஷினையும் சரி பண்ணச் சொல்லுங்க."

மேனேஜருக்கு இன்னும் ஒரு நூல் மீதி இருந்தது. அதைப் பிடித்துத் தொங்கப் பார்த்தார். "இருந்தாலும், வெளிக் கரியை உள்ள கொண்டு வந்தது விதிக்கு மாறானது இல்லையா?"

"எந்த விதி?"

அவர் விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, உட்கார்ந்தபடியே புரட்டினார். வெளியே கொண்டு போவதைப் பற்றிப் பதினான்கு பக்கம் இருந்தது. உள்ளே கொண்டு வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதியவருக்கு எங்கள் காவலரைத் தெரியாது.

மேனேஜர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். கறுப்புக் கையோடு காவலர் முன்னால் போய் நின்றார். கிழித்த துண்டுகளைச் சட்டைப்பையில் திணித்தார். கடைசியில், "நாளைக்கும் எட்டு மணி ஷிப்ட்தான்" என்றார். காவலர், "சரிங்க சார்" என்றார். அந்த இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. மேனேஜரை இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

சங்கு ஊதியது.

* * *

அம்மாள் வாசலுக்கு வெளியே, எதிர்ச் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அங்கேயே நின்று, கண்ணால் மட்டும் கேட்டார். அண்ணி நேராக அவரிடம் போனார்.

"அவர் எடுக்கலைம்மா. போட்டிருக்காரு."

பையின் கதையை அண்ணி சொல்லி முடிக்கும் வரை அம்மாள் அசையவில்லை. வாசலில் ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காவலர் வந்தார். மனைவியைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் மணியடித்தார், அதற்கும் நகரவில்லை.

அம்மாள்தான் தெருவைக் கடந்து போனார்.

"நான் உங்களைச் சந்தேகப்பட்டேன்" என்றார். சுற்றி வளைக்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை. "பையைப் பாத்தேன். கேட்டிருக்கணும். கேக்காம எட்டு நாள் மனசுக்குள்ள உங்களைத் திருடனா வெச்சிருந்தேன்."

காவலர் சைக்கிள் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சந்தேகப்பட்டது பெரிசில்ல. நானே சந்தேகப்பட்டேன்."

"யாரை?"

"என்னைத்தான். மேட்டுக்கிட்ட வேற யாருமே வரலை. ஆனா குறையுது. அப்போ நான்தானே எடுத்திருக்கணும்? தூக்கத்துல எழுந்து போய் எடுக்கறேனோ என்னமோன்னு பயமா போச்சு. நீயும் பேசலையா, முன் அறையில தனியாத்தானே படுத்திருந்தேன். அதனால ஒரு கயித்தை எடுத்து, காலைக் கட்டில்ல கட்டிட்டுத்தான் தூங்கினேன்."

எனக்கு நல்ல ஜோக் ஒன்று நாக்கு வரை வந்தது. அன்று முழுவதும் வந்ததிலேயே நல்ல ஜோக். விழுங்கிவிட்டேன்.

"அப்போ தினம் காலையில தொம்முன்னு கேட்டது..." என்றார் அம்மாள்.

"கட்டியிருக்கறதை மறந்துட்டு எழுந்துடுவேன்."

"எட்டு நாளுமா?"

"எட்டு நாளும்."

அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பிறகு அதே கைக்குட்டையால் கணவர் நெற்றியைத் துடைத்தார். கறுப்பு போகவில்லை, இன்னும் கொஞ்சம் பரவியது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

"இன்னிக்குக் கயிறு வேணாம்" என்றார். "உள்ள வந்து படுங்க."